கொல்லிமலைக்கு வாடகை பைக்கா? முதலில் நம்பர் பிளேட்டின் நிறத்தைப் பாருங்கள்

சேலத்தில் பைக் வாடகைக்கு எடுத்துக் கொல்லிமலை ஏறலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நானும் என் மனைவியின் தம்பியும் போய் வந்தோம். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்தக் கடையைத் தவிர்த்துவிட்டு, அடுத்த கடையில் இதே மாதிரி மாட்டிக்கொள்வீர்கள்.

ரயிலில் வந்து இறங்கி, விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கடை வாசலில் நின்றோம். 150 சிசி வண்டி, ஒரு நாளுக்கு 1,200 ரூபாய், முன்பணம் 3,000. ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "அதான் ஜிபேல இருக்கேண்ணா" என்றார். என் ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். "சர்வீஸ் முடிஞ்சு நேத்துதான் வந்துச்சு, கண்ண மூடிட்டு ஓட்டலாம்." கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். வண்டியின் நம்பர் பிளேட் வெள்ளையில் கறுப்பு எழுத்து. கிளம்பும்போது அவர் சொன்ன கடைசி வார்த்தை: "வழியில யாராச்சும் கேட்டா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிருங்கண்ணா."

அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். முறையாக வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை என்றால் அது யாரோ ஒருவரின் சொந்த உபயோக வண்டி. அதன் இன்சூரன்ஸ் வாடகைக்கு விடுவதற்குச் செல்லாது. நாம் விழுந்தாலோ, யார் மீதாவது மோதினாலோ, கம்பெனிக்காரன் கைவிரிக்க அந்த ஒரு காரணம் போதும். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அன்றைக்கு மணி ஆகிறதே என்ற அவசரம்தான் இருந்தது.

ராசிபுரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். தம்பி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்.

அந்த ஏற்றத்தைப் பற்றி மட்டும் எனக்குக் குறையே கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் எண் போட்டு வைத்திருப்பார்கள், அதை எண்ணிக்கொண்டே ஏறுவது ஒரு தனி போதை. பாதி மலைக்கு மேல் மேகம் நமக்குக் கீழே போய்விடுகிறது. ஹெல்மெட் கண்ணாடியில் பனி கட்டி, துடைத்துத் துடைத்து ஓட்டினோம். மேலே போனால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நடுநடுவே காபிச் செடி, பலா. வல்வில் ஓரி ஆண்ட மலை. இங்கே வந்த பாணர்களுக்கு அவன் வாரி வாரிக் கொடுத்தான் என்று தம்பி கதை சொல்லிக்கொண்டே வந்தான். எங்களிடம் சாயங்காலம் வாரிக்கொள்ளப்போகிறார்கள் என்பது அப்போது தெரியாது.

ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை அதிகம் இல்லை. செம்மேடு தாண்டி, அறப்பளீஸ்வரர் கோயில் போகும் சாலையில் ஓர் இறக்கத்தில்தான் சாயம் வெளுத்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் இரும்பும் இரும்பும் உரசுகிற கிரீச் சத்தம். லீவர் கைப்பிடி வரைக்கும் வருகிறது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தால் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கியரைக் குறைத்து, ஓரத்து மண்ணில் இறக்கி எப்படியோ நிறுத்தினேன். தம்பி பின்னால் உட்கார்ந்தபடியே வாய் பேசாமல் இருந்தான். அவன் வாய் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

கோயிலும் ஆகாய கங்கை அருவியும் போச்சு. முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு செம்மேட்டுக்குத் திரும்பி ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். முன் சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பேடு தேய்ந்து வெறும் தகடுதான் மிச்சம், டிஸ்க்கில் வரிவரியாகக் கோடு. பின் பிரேக்கில் உள்ளே பிடிக்கும் ஷூ தேயத் தேய, பிரேக் ராடில் இருக்கும் நட்டை முறுக்கித்தான் ஈடுகட்டுவார்கள். இதில் கடைசி மரை வரைக்கும் முறுக்கியிருந்தார்கள், அதாவது ஷூ தேய்ந்து போனது கடைக்காரருக்குத் தெரியும். பின் டயரின் பக்கவாட்டில் கடைசியாக இருக்கும் நாலு எண்ணைக் காட்டினார்: 2317. 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். "இந்த வண்டிய மலைக்கு யாருங்க குடுத்தாங்க?" என்று கேட்டார். கொடுத்தவரைவிட, வாங்கிக்கொண்டு வந்த என்னைப் பார்த்துத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம். போலீஸ் பிடித்தால் அதற்கு மட்டும் 2,000 ரூபாய் அபராதம். ஒரே ஒரு நிமிட வேலை, காலையில் கடை வாசலில் செய்திருக்கலாம்.

முன் பேடு 450 ரூபாய்க்கு மாற்றினார். பின் ஷூ கைவசம் இல்லை. "ரெண்டு பேரா இறங்காதீங்க. ரெண்டாவது கியரத் தாண்டாதீங்க, கிளட்சப் புடிச்சுட்டு உருட்டாதீங்க. பிரேக்க விட்டு விட்டுப் புடிங்க, சூடேறுனா புது பேடும் கேக்காது" என்றார். தம்பியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தனியாக இறங்கினேன். ஏறி வருகிற வண்டிக்கு வழி விட ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, எழுபதையும் மறுபடி எண்ணினேன், இந்த முறை பயத்தில்.

ஆறு மணிக்குத் தர வேண்டிய வண்டியை ஏழேகாலுக்குத் தந்தேன். கடைக்காரர் டார்ச் அடித்து சைலன்சரில் ஒரு கீறலைக் கண்டுபிடித்தார், அதற்கு 2,000. தாமதத்துக்கு 300. பேடு மாற்றிய காசைக் கேட்டேன். "நீங்க புடிச்ச புடில தேஞ்சிருக்கு, நாங்க என்னண்ணா பண்றது?" ஒரே நாளில் பேடு தேய்ந்து தகடாகுமா என்று கத்தினேன். அவர் கத்தவே இல்லை. டிராயரைத் திறந்து என் லைசென்ஸை எடுத்து விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. 700 ரூபாயையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருக்கும் லைசென்ஸ் சட்டப்படி செல்லும், ஆகவே ஒரிஜினலை யாரிடமும் அடகு மாதிரி விட்டுவைக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம் என்றாலும், ரசீது இல்லாமல், பொய்யாக "ஃப்ரெண்டு வண்டி" என்று சொல்லத் தயாராகிப் போனவன் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ரயிலில் தம்பி காலையில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தான். ராசிபுரம் டீக்கடை, காலை 6.40, சைலன்சரில் அதே கீறல், அதே நீளம். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அண்ணா, அப்ப சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவுல எங்கயோ விழுந்திருக்கீங்க."