தொட்டாச்சிணுங்கின்னு சொல்லி மரக்கன்ன தலையில கட்டுறாங்க, ஆன்லைன்ல வாங்கறவங்க உஷார்

மிமோசா செடி, நம்ம தொட்டாச்சிணுங்கியதான் சொல்றேன், வீட்ல தொட்டியில வச்சு வளர்க்கலாம்னு ஆன்லைன்ல தேடிட்டு இருக்கீங்கன்னா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிடுங்க. நான் ஒரு செடியும் கூடவே "அஞ்சு கலர் மிமோசா" விதை பாக்கெட்டும் வாங்கினேன். வந்த செடி தொட்டாச்சிணுங்கியே இல்ல, சவுண்டல் மரத்தோட கன்னு. விதைன்னு வந்தது ஏதோ களைச்செடி விதை. செல்லர் பேர இங்க போடல, ஏன்னா அதே போட்டோ அதே வீடியோவ வச்சுக்கிட்டு வேற வேற பேர்ல நிறைய பேரு விக்கறத இப்ப பாக்கறேன், ஒரு பேர சொன்னா மத்தவங்க எல்லாம் நல்லவங்கன்னு ஆயிடும்.

ரோட்டோரத்துல சும்மா மொளைக்கற செடிக்கு எதுக்கு காசுன்னு சில பேரு கேப்பீங்க. சூடான நாடுகள்ல அது களையா மண்டிக் கெடக்கறது உண்மைதான், பூர்வீகம் மத்திய, தென் அமெரிக்கா பக்கம், இப்ப உலகம் பூரா பரவிடுச்சு. ஆனா பக்கத்துல வெட்டவெளியே இல்லாதவங்க, அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க, குளிர் நாட்டுல இருக்கறவங்கன்னு எத்தனையோ பேருக்கு வாங்கறது ஒண்ணுதான் வழி. எங்க வீட்ல குட்டிப் பொண்ணு இருக்கா, தொட்டா இலை மூடறத அவ கையால தொட்டுப் பாக்கணும்னுதான் வாங்கினேன்.

விளம்பரத்துல ஒரு வீடியோ, ஒரு விரல் தொட்டதும் இலை ஒவ்வொரு ஜோடியா மடங்கி கடைசில காம்போட தொங்கிப் போகும். அது நிஜமான தொட்டாச்சிணுங்கிதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது அவங்க விக்கற செடியோட வீடியோ இல்ல, எங்கேருந்தோ எடுத்துப் போட்டது. கீழ "முள் இல்லாத ஹைப்ரிட், சீக்கிரம் வளரும்"னு ஒரு வரி வேற. ரிவ்யூ எல்லாம் அஞ்சு ஸ்டார். பின்னாடி உக்காந்து அந்த ரிவ்யூ எல்லாத்தயும் திரும்பப் படிச்சப்பதான் ஒண்ணு கவனிச்சேன், முக்காவாசி பேரு செடி வந்த அன்னிக்கே எழுதியிருக்காங்க, பேக்கிங் சூப்பர், செடி பச்சையா இருக்கு, டெலிவரி ஃபாஸ்ட்னு. தொட்டேன் மூடுச்சுன்னு ஒருத்தர் கூட எழுதல. செடி வாங்கறப்ப அந்த மாதிரி ரிவ்யூவ கணக்குலயே எடுக்காதீங்க.

செடி வந்துச்சு, பேக்கிங் நெஜமாவே நல்லாதான் இருந்துச்சு. தொட்டேன், அசையல. தட்டினேன், ஊதினேன், ஒண்ணுமில்ல. உடனே மெசேஜ் பண்ணேன். "ட்ராவல் ஷாக் மேடம், ஒரு வாரம் தொடாம வைங்க, செட் ஆனதும் மூடும்"னு பதில் வந்துச்சு. இதுல பாதி உண்மை இருக்கறதாலதான் எல்லாரும் நம்பிடறாங்க. பெட்டிக்குள்ள இருட்டுல தண்ணி இல்லாம வந்த தொட்டாச்சிணுங்கி வாடி, சில இலை உதிர்ந்து, கொஞ்ச நாள் மந்தமா இருக்கும்தான், குளிர்ல இருந்தாலும் அசைவு குறையும். ஆனா இலை நல்லா விரிஞ்சு, தெம்பா, பச்சையா நிக்குது, அப்பவும் தொட்டா ஒண்ணுமே ஆகலன்னா அது ஷாக் இல்ல. என்னுது அப்படித்தான் நின்னுச்சு.

அவங்க சொன்ன மாதிரி விட்டுட்டு மறுபடியும் கேட்டா அடுத்த பதில்தான் ரொம்ப மோசமானது. "ராத்திரி பாருங்க மேடம், கண்டிப்பா மூடியிருக்கும்." பாத்தா மூடித்தான் இருந்துச்சு! இலை எல்லாம் ஜோடி ஜோடியா கைகூப்பின மாதிரி. எத்தனை பேரு இந்த இடத்துல சமாதானம் ஆகி விட்ருப்பாங்கன்னு நெனச்சாலே எனக்கு வயிறு எரியுது. தயவுசெஞ்சு இத ஞாபகம் வச்சுக்கங்க, ராத்திரி இலை மூடறதுக்கும் தொட்டா மூடறதுக்கும் சம்பந்தம் கெடையாது. தொட்டாச்சிணுங்கி இருக்கற பயறு குடும்பத்துல எக்கச்சக்கமான மரங்க ராத்திரி இலைய மடக்கித் தூங்கும், புளி, தூங்குமூஞ்சி, சவுண்டல் எல்லாமே. அது செடிக்குள்ள ஓடற கடிகாரத்தால நடக்கறது. 1729லயே டி மெய்ரான்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி தொட்டா சுருங்கற செடி ஒண்ண வெளிச்சமே படாத எடத்துல வச்சுப் பாத்து, இருட்டுலயும் அது பகல் நேரத்துக்கு விரியுது, ராத்திரிக்கு மூடுதுன்னு சொல்லியிருக்கார். தொட்டா மூடறது தனி விஷயம், ஒவ்வொரு குட்டி இலைக்கு அடியிலயும், அந்த இலை வரிசைக்கு அடியிலயும், காம்பு தண்டோட சேர்ற எடத்துலயும் கொஞ்சம் வீங்கின மாதிரி ஒரு மூட்டு இருக்கும், தொட்டதும் அந்த மூட்டுல ஒரு பக்கத்து செல்லுங்கள்லேருந்து பொட்டாசியம் உப்பும் அது பின்னாடியே தண்ணியும் வெளிய போகும், அந்தப் பக்கம் தளர்ந்ததும் இலை மடங்கிடும். ஓரிரு செகண்ட்ல நடக்கும், அப்புறம் பத்து நிமிஷம், அரைமணி ஆகும் திரும்ப விரிய. ராத்திரி மூடறத காட்டி தொட்டாச்சிணுங்கின்னு நிரூபிக்கறது சுத்த ஏமாத்து.

இத எழுதி அனுப்பினதுக்கு மூணாவது பதில் என்ன தெரியுமா, "அடிக்கடி தொட்டு செடிக்கு பழகிடுச்சு மேடம், அதான் மூடல, சயின்டிஸ்டே சொல்லியிருக்காங்க"ன்னு. அந்த ஆராய்ச்சியும் எனக்குத் தெரியும். 2014ல மோனிகா காக்லியானோன்னு ஒரு தாவர ஆராய்ச்சியாளரோட குழு தொட்டாச்சிணுங்கித் தொட்டிய சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்துலேருந்து திரும்பத் திரும்ப விழ வச்சுப் பாத்தாங்க, ஆபத்து இல்லன்னு ஆனதும் செடி மூடறத நிறுத்திடுச்சு, அந்தப் பழக்கம் கிட்டத்தட்ட ஒரு மாசம் கழிச்சும் இருந்துச்சு. ஆனா அதே ஆராய்ச்சியில, விழறதுக்கு மூடாத அதே செடிய புடிச்சு குலுக்கினா மூடிக்கிச்சுன்னும் இருக்கு. ஒரு தூண்டலுக்குப் பழகினா அதுக்கு மட்டும்தான் பழகும், எதுக்குமே அசையாம கட்ட மாதிரி நிக்காது. அதுவும் வந்த நாள்லேருந்து ஒரு தடவை கூட மூடாத செடி எதுக்குப் பழகும்?

சரி, அது என்ன செடின்னு எப்படித் தெரிஞ்சுதுன்னா, தாவரவியல் சொல்லிக் குடுக்கற தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு இலைய போட்டோ எடுத்து அனுப்பினேன், பாத்த உடனே சவுண்டல்னு சொல்லிட்டாங்க. எப்படின்னு கேட்டதுக்கு அவங்க காட்டித் தந்தது எல்லாருக்கும் உதவும், நல்லா கவனிங்க. வளர்ந்த தொட்டாச்சிணுங்கி இலையில காம்போட நுனியில ஒரே எடத்துலேருந்து நாலு இலை வரிசை விரல் மாதிரி விரிஞ்சு வரும், சிலதுல ரெண்டுதான் இருக்கும். சவுண்டல், பட்டு மிமோசா மரம் மாதிரி கன்னுங்கள்ல அப்படி இருக்காது, நடுவுல நீளமா ஒரு ஈர்க்கு ஓடும், அதோட ரெண்டு பக்கமும் எடைவெளி விட்டு நாலு ஜோடி, ஆறு ஜோடின்னு வரிசைங்க இருக்கும். ரொம்பச் சின்ன நாத்துல முதல் இலை ஒத்த வரிசையா மட்டும் வரும், அத வச்சு குழப்பிக்காதீங்க, ஆனா அந்தக் குட்டி இலையும் தொட்டா மூடும். அடுத்து தண்டு. தொட்டாச்சிணுங்கித் தண்டு மெல்லிசா, பெரும்பாலும் செவப்பு ஓடி, முடியும் சின்னச் சின்ன முள்ளுமா இருக்கும், கொஞ்ச உயரம் போனதும் சாஞ்சு படர ஆரம்பிக்கும். என்கிட்ட வந்தது வழவழன்னு ஒத்தக்கம்பா நேரா மேல போச்சு. அந்த "முள் இல்லாத ஹைப்ரிட்"னு போட்டது ஏன்னு அப்பதான் புரிஞ்சுது, முள் எங்கன்னு யாரும் கேக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே போட்டு வச்ச வரி அது.

சவுண்டல் சாதாரண விஷயமும் இல்ல. உலகத்துல மோசமா பரவற 100 அந்நிய உயிரினங்கள்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இதுவும் ஒண்ணு. பத்து மீட்டர் தாண்டி வளரக்கூடிய மரம், காய்ச்சா விதை கொட்டி அந்த எடமே சவுண்டல் காடா ஆயிடும். தொட்டியில வச்சு ஏமாந்தவங்க கோவத்துல அத தோட்டத்துலயோ வெளியிலயோ கொண்டு போய் நட்டுடாதீங்க.

இதெல்லாம் சொன்னதுக்கு அப்புறம் "இதுவும் மிமோசா குடும்பம்தான் மேடம், நாங்க மிமோசான்னுதான் போட்ருக்கோம், தொட்டாச்சிணுங்கின்னு போடலயே"ன்னு சொன்னாங்க பாருங்க, எனக்குக் கை நடுங்கிடுச்சு. வீடியோல விரல் தொட்டு மூடறத காட்டி வித்துட்டு! சவுண்டலயும் ஒரு காலத்துல மிமோசாங்கற பேர்லதான் வகைப்படுத்தியிருந்தாங்க, மஞ்சப் பூ பூக்கற ஆஸ்திரேலிய அகேசியாவயும் பூக்கடைங்கள்ல மிமோசான்னுதான் விக்கறாங்க, எல்லாம் சரி, ஆனா நீங்க காட்டின வீடியோல இருக்கற செடி எங்க? அதுக்குப் பதிலே இல்ல. அதுக்குள்ள ரிட்டர்ன் தேதி முடிஞ்சுது. இப்ப மொத்தத்தயும் சேத்துப் பாத்தா ஒரு வாரம் பாருங்க, ராத்திரி பாருங்க, பழகிடுச்சு, இதெல்லாம் செடி பத்தின பதிலே இல்ல, அந்தத் தேதிய தள்ளறதுக்குன்னே வச்சிருக்கற பதில்.

விதைக் கதை சின்னது. நீலம், மஞ்சள், வெள்ளை, செவப்பு, ரோஸ்னு அஞ்சு கலர் போட்டோ. தொட்டாச்சிணுங்கி பூக்கறது ரோஸ்லேருந்து வெளிர் ஊதா வரைக்கும்தான், ஒரு சென்டிமீட்டர் அளவுல பஞ்சு உருண்டை மாதிரி, நீலக் கலர்ல பூக்கற தொட்டாச்சிணுங்கி கெடையாது, போட்டோல கலர் மாத்தியிருக்காங்க. நிஜ விதை தட்டையா, பழுப்பா, சுமாரா 3 மில்லிமீட்டர் இருக்கும். எனக்கு வந்தது பொடிப்பொடியா கருப்பா பளபளன்னு உருண்டை. போட்டதும் படபடன்னு மொளைச்சுது, அதுவே சந்தேகம்தான், ஏன்னா தொட்டாச்சிணுங்கி விதைக்கு தோல் கெட்டி, லேசா தேச்சோ சுடுதண்ணி ஊத்தி ராத்திரி பூரா ஊற வச்சோ போட்டாதான் ஒழுங்கா மொளைக்கும், சும்மா போட்டா வாரக்கணக்குல கூட மண்ணுக்குள்ள கெடக்கும்.

இன்னொரு கோவம் என்னன்னா பாக்கெட்டோட வந்த பராமரிப்பு அட்டை. நிழல்ல வைக்கணுமாம், தினம் ரெண்டு வேளை தண்ணியாம், வாரா வாரம் அவங்க விக்கற டானிக் ஊத்தணுமாம். நிஜமான செடி வச்சிருக்கறவங்க அத நம்பி செஞ்சா அதுவும் செத்துப் போகும். தொட்டாச்சிணுங்கிக்கு நல்ல வெயில் வேணும், ஜன்னல் பக்கம் நேரடி வெயில் சில மணி நேரமாவது படணும், நிழல்ல வச்சா கம்பி மாதிரி நீண்டுக்கிட்டு போகும், பூக்காது. மண்ணு ஈரமா இருக்கணும், ஆனா தொட்டியில தண்ணி தேங்கினா வேர் அழுகிடும், மேல் மண் காய ஆரம்பிச்சதும் ஊத்தினா போதும். இது பயறு குடும்பம், வேர் முடிச்சுல இருக்கற பாக்டீரியா காத்துலேருந்து நைட்ரஜன எடுத்துக் குடுத்துடும், அதனால டானிக்கே தேவையில்ல. வேர புடுங்கி அடிக்கடி தொட்டி மாத்தறது அதுக்குப் புடிக்காது. குளிர் தாங்காது, உறைபனி பட்டா போயிடும். வீட்டுக்குள்ள காத்து ரொம்ப காஞ்சிருந்தா இலைக்கு அடியில செஞ்சிலந்திங்கற சாறு உறிஞ்சற பொடிப் பூச்சி வரும், பாத்துக்கங்க. கொழந்தைங்க நாள் பூரா தொட்டுட்டே இருந்தா இலை மூடியே கெடக்கும், மூடின இலைக்கு வெளிச்சம் சரியா கெடைக்காது, அதனால ஒரு நாளைக்கு கொஞ்சம் தொட்டு வெளையாடிட்டு விட்டுடச் சொல்லுங்க.

வாங்கியே ஆகணும்னா, முடிஞ்சவரைக்கும் நேர்ல தொட்டுப் பாத்து வாங்குங்க. முடியலன்னா அனுப்பப் போற அதே தொட்டிய, இன்னிக்குத் தேதி எழுதின பேப்பர் பக்கத்துல வச்சு, பகல் வெளிச்சத்துல தொட்டுக் காட்டற வீடியோ கேளுங்க. நிஜமா வச்சிருக்கறவருக்கு அது அரை நிமிஷ வேலை, மழுப்பினா விட்ருங்க. பெட்டி பிரிக்கறதுலேருந்து வீடியோ எடுங்க, தண்ணி ஊத்தி வெளிச்சத்துல வைங்க, ஓரிரண்டு நாள்ல இலை விரிஞ்சும் தொட்டதுக்கு மூடலன்னா செல்லர்கிட்ட பேசிட்டு இருக்காம நேரா ஆப்லயே ரிட்டர்ன் போட்ருங்க. பேச்சு எல்லாம் ஆப் சாட்டுக்குள்ளயே இருக்கட்டும், வெளிய வேற நம்பருக்குக் கூப்பிட்டா போகாதீங்க. எனக்கு அந்தச் சாட்ல இருந்த தேதிங்கதான் கைகொடுத்துச்சு, நான் முதல் நாளே புகார் சொன்னது அதுல இருந்ததால, கஸ்டமர் கேர்ல பல தடவை மல்லுக்கட்டி செடிக்கான பணம் மட்டும் திரும்ப வந்துச்சு, விதைக்கு "மொளைச்சிடுச்சே"ன்னு சொல்லி மறுத்துட்டாங்க, அது இன்னும் இழுத்துட்டு இருக்கு. அந்த விளம்பரம் இன்னிக்கும் அப்படியே இருக்கு, நான் ரிப்போர்ட் போட்ருக்கேன், நீங்களும் பாத்தா போடுங்க. வாங்கினது எதுன்னு சந்தேகமா இருக்கறவங்க ஒரு இலைய காம்போட முழுசா தெரியற மாதிரி போட்டோ எடுத்துப் போடுங்க, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள போடுங்க, பாத்துச் சொல்றேன்.