640 டாலர் போச்சு: ஆர்வி அடாப்டர் வாங்குபவர்கள் கவனிக்கவும்

அமெரிக்காவில் விடுமுறைக்கு ஆர்வி (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி) வாடகைக்கு எடுக்கும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அடாப்டர் வாங்குங்கள். எனக்கு 640 டாலர் போய்விட்டது. இன்னும் கொதிக்கிறது.

எங்கள் வண்டி 30 ஆம்ப் ரகம், மூன்று பின் பிளக். அரிசோனாவில் பேஜ் ஊர்ப் பக்கம் கேம்ப்கிரவுண்டில் (இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) கிடைத்த இடத்தின் மின்கம்பத்திலோ நான்கு துளை 50 ஆம்ப் சாக்கெட் மட்டும்தான். நடுவில் ஒரு டாக்போன் அடாப்டர் (இரு முனையிலும் வேறு வேறு பிளக் உள்ள குட்டை வயர்) போட்டால் போதும், எல்லோரும் செய்வதுதான்.

பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் பார்த்தேன். விலையைப் பார்த்து மயங்கவில்லை. "30 ஆம்பை மணிக்கணக்கில் தாங்குமா? உள்ளே 10 கேஜ் செம்புக் கம்பிதானா?" என்று (கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு) பொருளின் பக்கத்திலேயே கேள்வி போட்டேன். உடனே விற்பவரின் பதில்: "ஆமாம் நண்பரே, சுத்தமான செம்பு, நாள் முழுக்க ஏசி ஓட்டலாம்." படத்தில் யூஎல் முத்திரை வேறு, அதாவது பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான அடையாளம். இதற்கு மேல் என்ன கேட்பது? நம்பி வாங்கினேன்.

ஜூலை வெயில். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி விளக்குகள் மினுக்கி மினுக்கி அணைந்தன. வெளியே போனால் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். அடாப்டர் உருகி வண்டியின் பிளக்கோடு ஒட்டிக் கிடந்தது. கம்பத்து பிரேக்கர் விழவே இல்லை. அது 50 ஆம்பைத் தாண்டினால்தானே விழும்! கேபிள், கன்வெர்ட்டர் (வண்டிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் கருவி), மெக்கானிக் கூலி என்று வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர் டெபாசிட்டில் 640 டாலர் பிடித்துக்கொண்டார்.

விற்றவருக்கு எழுதினால், "நீங்கள் அதிக லோடு போட்டுவிட்டீர்கள்." வயிறு எரிந்தது. வண்டிக்குள் மெயின் பிரேக்கரே 30 ஆம்ப்தான். 120 வோல்ட்டில் 3600 வாட். அதை மீறினால் முதலில் அது விழுந்திருக்கும். விழவில்லையே! இதை விளக்கிப் படமும் அனுப்பினேன். படம் தெளிவாக இல்லையாம். தெளிவாக அனுப்பினால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதாம். தளத்தின் சாட்டில் ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் 15 டாலர் கூப்பன் தந்தார்கள். 640 போன இடத்தில் 15, அதுவும் அங்கேயே செலவழிக்க!

ஆத்திரத்தில் மிச்ச வயரை வெட்டிப் பார்த்தேன். தடித்த ரப்பர் உறைக்குள் நூல் மாதிரி கம்பி. சுரண்டினால் செம்புப் பூச்சு போய் வெள்ளை அலுமினியம் பல்லிளிக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முத்திரைப் படத்தை நம்பாதீர்கள், யூஎல் இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தேடுங்கள். முடிந்தால் ஆர்வி கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். மாட்டி அரை மணி நேரத்தில் தொட்டுப் பாருங்கள். சுட்டால் முதலில் கம்பத்து பிரேக்கரை அணையுங்கள், பிறகு கழற்றுங்கள். விற்பவர் சொல்லும் பதிலை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்கு வந்த "சுத்தமான செம்பு" பதில் இப்போது அந்தப் பக்கத்தில் இல்லை.