நல்லூர்ப் பக்கத்து பல்லுக் கிளினிக் ஒண்டு, ஃபைலுக்கே 4 ஸ்டார்

பேர் இங்க போடேல்லை, வேணுமெண்டா இன்பொக்ஸுக்கு வாங்கோ. சூத்தைப்பல்லு அடைச்சது நல்லா இருக்கு, நோகவுமில்லை, அதில எழுத பெரிசா ஒண்டுமில்லை. நான் சொல்ல வந்தது அவையள் ரெக்கோட் வைக்கிற விதத்தை.

போன உடனயே வாய் முழுக்கத் தெரியிற ஓபிஜி எக்ஸ்ரே எடுத்து, எது அடைச்சது எது புடுங்கினது எது சரிஞ்சு நிக்குது எண்டு டொக்டர் ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்ல அங்க நிக்கிற தங்கச்சி கம்பியூட்டரில ஏத்தினவ, 11 எண்டா மேல் வலது முன்பல்லு, 38 எண்டா கீழ் இடது ஞானப்பல்லு, கனக்க நாடுகளில பாவிக்கிற அதே நம்பர்தான். உது என்னத்துக்கு வீண் மினக்கேடு எண்டு வெளியில இருந்த ஒரு அம்மா புறுபுறுத்தவ.

வீண் இல்லை அம்மா. பல்லின்ர மேல்தோடுதான் உடம்பிலயே கடினமான சாமான், நெருப்பிலயும் மண்ணுக்குள்ளயும் மற்றதெல்லாம் போனாப் பிறகும் பல்லு நிக்கும். அழிவில செத்த ஆள் ஆரெண்டு உறுதிப்படுத்த சர்வதேசப் பொலிஸ் அமைப்பு இன்டர்போல் முதன்மையா எடுக்கிறது மூண்டுதான்: கைரேகை, பல்லு, டிஎன்ஏ. 2004 சுனாமியில தாய்லாந்தில செத்த வெளிநாட்டுக்காரர் கனபேரை அவையின்ர ஊர் டென்டிஸ்ட் அனுப்பின ஃபைலை வச்சுத்தான் கண்டுபிடிச்சவை. அதே சுனாமியில எங்கட மருதங்கேணிப் பக்கம் முகத்தையும் உடுப்பையும் பாத்துத்தானே அடையாளம் சொன்னது.

செம்மணி மனிதப் புதைகுழியிலயும் பாருங்கோ, தோண்டி எடுத்த உடுப்பு, வளையல், புத்தகப்பை, பால்போத்தில் எல்லாம் 2025 ஆகஸ்டில சனத்துக்குக் காட்டினவை. எலும்போட பல்லும் வந்திருக்கும், பல்லைப் பாத்து வயசைக் கிட்டத்தட்டச் சொல்லலாம், சின்னப்பிள்ளையள் எண்டா இன்னும் சரியாச் சொல்லலாம், ஆனா பேர் சொல்ல ஒப்பிட்டுப் பாக்க பழைய ரெக்கோட் வேணும், 1995 இடப்பெயர்வில காணி உறுதியையே விட்டிட்டு ஓடின சனத்திட்ட பல்லு எக்ஸ்ரேக்கு எங்க போறது. பல்லுத் தெரியச் சிரிச்ச பழைய ஃபோட்டோ இருந்தாலும் முன்பல்லை ஒப்பிடலாமாம், அதால அல்பத்தைக் கவனமா வையுங்கோ.

ஒரு ஸ்டார் குறைச்சது ஏனெண்டா, எக்ஸ்ரே கொப்பியை நாங்களா வாய்திறந்து கேட்டால்தான் தருவினம், அதுவும் வட்ஸ்அப்பில மங்கலா ஒரு படம். ஒறிஜினல் ஃபைலை ஈமெயிலில அனுப்பச் சொல்லி நிண்டு வாங்குங்கோ. மற்றது, அப்பம்மாக்குக் கட்டின பல்லு செட்டில பேர் பதிச்சுத் தருவியளோ எண்டு கேட்டன், சில நாடுகளில உள்பக்கத்தில பேரோ நம்பரோ வச்சுத்தான் குடுப்பினம், இங்க ரிசெப்ஷனில சிரிச்சுப்போட்டு விட்டிட்டினம்.

காசு மற்ற இடங்களை விடக் கொஞ்சம் கூடத்தான். டொக்டர் பின்னேரம்தான் வருவார், முதலே கோல் எடுத்து நம்பர் போடுங்கோ, மோட்டச்சைக்கிள் விட இடமிருக்கு, கார் எண்டா கஷ்டம்.