ரீசெட்டா, பென் டிரைவா? கணினியைக் கைமாற்றும் முன்

பழைய மடிக்கணினியைக் கொடுத்துவிடலாம் என்று விண்டோஸில் ரீசெட் செய்தேன். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றுதான் தேர்ந்தெடுத்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, அழித்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பழைய பெயர்கள் போய், எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான் பெயராக இருந்தன. ஒன்றைத் திறந்தால், நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஸ்கேன்!

தவறு என்னுடையதுதான். அதே ரீசெட்டில், 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதற்குள் 'கிளீன் டேட்டா' என்றொரு பொத்தான் இருக்கிறது. நாமாகப் போய்த்தான் அதை இயக்க வேண்டும். இயக்கினால் வேலை பல மணி நேரம் இழுக்கும். இயக்காவிட்டால் கோப்புகளின் முகவரி மட்டுமே அழிகிறது, வீடு அப்படியே நிற்கிறது.

'பென் டிரைவில் விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் சுத்தம்' என்பவர்கள் உண்டு. வாங்குகிறவருக்கு அது சுத்தம்தான். தயாரிப்பாளர் திணித்த மென்பொருள்கள் இருக்காது. சிஸ்டம் கோப்புகள் பழுதாகி ரீசெட் பாதியில் நின்றுபோகும் கணினிக்கும் இதுதான் கை கொடுக்கும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். டிஜிட்டல் உரிமம் வன்பொருளோடு பிணைந்திருப்பதால் விண்டோஸின் சாவி எண்ணைத் தேடவும் வேண்டாம். ஆனால் கொடுக்கிறவருக்கு? பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) நீக்கிப் புதிதாக நிறுவினாலும் ஹார்ட் டிஸ்க்கின் பழைய தரவு பெரும்பகுதி அங்கேயே கிடக்கும். நிறுவும் திரையில் ஷிஃப்டும் எஃப்10உம் அழுத்தினால் வரும் கட்டளைத் திரையில், டிஸ்க்பார்ட் என்ற கருவியைத் திறந்து, சரியான டிஸ்க்கைத் தேர்ந்து 'கிளீன் ஆல்' கொடுத்தால்தான் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதப்படும். டிஸ்க்கின் எண்ணை மாற்றிக் கொடுத்தால் வேறு டிஸ்க் காலியாகிவிடும். ஆகவே பழக்கமில்லாதவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ரீசெட்டில், விண்டோஸை இணையத்திலிருந்து இறக்கும் கிளவுட் டவுன்லோடா, கணினியில் உள்ளதையே பயன்படுத்தும் லோக்கல் ரீஇன்ஸ்டாலா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முன்னதற்கு 4 ஜிபிக்கு மேல் இணையம் செலவாகும். தரவு அழிப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியின் கதை வேறு. அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டிருப்பதால், மேலே மேலே எழுதி அழிப்பது எல்லா மூலைக்கும் எட்டாது. அங்கே விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம்தான் என் தேர்வு. முன்பே முழுதும் பூட்டிவைத்திருந்தால், அந்தப் பூட்டின் சாவி அழிந்த பிறகு மிஞ்சுவது யாருக்கும் புரியாத குப்பை. 2021இல் வந்த மேக் இயங்குதளமான மான்டெரே முதல், ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் செயலி) அல்லது டி2 பாதுகாப்புச் சில்லு உள்ள மேக்குகளில் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' இதைத்தான் சில நிமிடங்களில் செய்கிறது. பழைய மேக் என்றால் ஐகிளவுடிலிருந்து நீங்களே வெளியேற வேண்டும்.

என் ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறேன். இம்முறை கிளீன் டேட்டாவோடு ரீசெட் செய்தேன், இரவு முழுக்க ஓடியது. காலையில் எந்த நாடு என்று கேட்கும் வரவேற்புத் திரை வந்தது. எதையும் தொடாமல் அப்படியே அணைத்து, சார்ஜரோடு கொடுத்துவிட்டேன்.