மறுப்பவரை அழைத்து வரச் சொல்லும் காப்பகம்: ஒரு தத்தெடுப்புச் சேவையின் மதிப்புரை

நாய் வளர்க்க அம்மாவின் சம்மதத்தைப் பெறுவதற்கு நான் செய்த முயற்சிகளுக்குப் பதினோரு ஆண்டு வரலாறு உண்டு. எட்டாம் வகுப்பில் தொடங்கிய அந்த வழக்கை, சென்னையின் தெற்குப் புறநகரில் தன்னார்வலர்கள் சிலர் நடத்தும் ஒரு விலங்குக் காப்பகம் நான்கு வாரங்களில் முடித்துக் கொடுத்தது. காப்பகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முகவரி பரவிய ஒவ்வொரு முறையும் விடிவதற்குள் யாராவது ஓர் அட்டைப்பெட்டி நிறையக் குட்டிகளை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆகவே எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதே காரணம். ஆயினும், அவர்கள் பின்பற்றும் முறையை எந்த ஊர்க் காப்பகத்திலும் கேட்டுப் பெறலாம் என்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

அம்மாவின் மறுப்பு வெறும் பிடிவாதம் அன்று. அதற்குச் சான்றுகள் இருந்தன. ஆறாம் வகுப்பில் அழுது வாங்கிய மீன்தொட்டிக்கு மூன்றாம் மாதத்திலிருந்து தண்ணீர் மாற்றியவர் அவர்தான். நான் வைத்த துளசிக்கு நீர் ஊற்றுபவரும் அவர்தான். முப்பது ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்து, நாளொன்றுக்கு இருநூறு பிள்ளைகளுக்கு அரிசி அளந்து கணக்கு எழுதிய ஒருவரிடம் ‘நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்வதில் பயனில்லை என்பதை நான் உணரவேயில்லை. மாறாக, வாதங்களைச் சேகரித்தேன். வளர்ப்பு நாய்களுக்குக் குடியிருப்போர் சங்கங்கள் தடை விதிக்கக் கூடாது, மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்றும் சொல்லக் கூடாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்து அவர் முன் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சங்கம் தடுக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு, அம்மா தடுக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?” என்றார். 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், அதையொட்டி நாளிதழ்களில் நிறைந்த நாய்க்கடிச் செய்திகளும் அவருடைய தரப்புக்கு மேலும் வலுச் சேர்த்தன.

இந்நிலையில்தான் அந்தக் காப்பகத்தின் விண்ணப்பப் படிவம் என் கைக்கு வந்தது. பெயர், வேலை, வாடகை வீடா சொந்த வீடா, எத்தனையாவது மாடி என்ற வழக்கமான கேள்விகளுக்குப் பின்னர், ‘வீட்டில் நாய் வேண்டாம் என்பவர் யார்? நேர்காணலுக்கு அவரை அழைத்து வரவும்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே, ‘விண்ணப்பதாரர் திருமணமாகியோ வேலை நிமித்தமாகவோ வேறிடம் சென்றால் நாய் யாருடன் இருக்கும்?’ என்று இன்னொன்று. முதல் கேள்விக்கு ‘அம்மா’ என்றும், இரண்டாவதற்கு ‘என்னுடன் வரும்’ என்றும் எழுதினேன். மறுப்பவரை அழைத்து வரச் சொல்லும் இந்த ஒரு வரியில்தான் இச்சேவையின் தரம் இருக்கிறது என்பது என் மதிப்பீடு. வேறு இரண்டு இடங்களில் விசாரித்தபோது, ‘குட்டியைக் கொண்டுபோய் மடியில் வையுங்கள், அம்மா மாறிவிடுவார்’ என்றே அறிவுரை கிடைத்தது. அப்படி மடியில் வைக்கப்பட்டு, ஆறு மாதத்தில் திரும்ப வந்த நாய்கள்தாம் தங்கள் கூண்டுகளில் பாதி என்று இந்தக் காப்பகத்தில் சொன்னார்கள்.

நேர்காணல் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. தன்னார்வலர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. என்னிடம் ஐந்து நிமிடமும் அம்மாவிடம் ஒரு மணி நேரமும் பேசினார். அம்மாவின் முதல் கேள்வி, “கடிக்குமா?” என்பது. கடிக்கவே கடிக்காது என்று அவர் சொல்லியிருந்தால் அம்மா அந்த நிமிடமே எழுந்து வந்திருப்பார். எந்த நாயும் வலியிலோ பயத்திலோ கடிக்கக்கூடும் என்றும், ஆகவேதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத நாயை வெளியே அனுப்புவதில்லை என்றும், ஆண்டுதோறும் அதை மீண்டும் போடவேண்டும் என்றும் அவர் சொன்னார். ஒருவேளை கடிபட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அங்கே கடிபட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை கட்டணமின்றி ஊசி போடுவார்கள் என்று விளக்கினார். அம்மா அந்த நாள்களைத் தம் கைப்பையிலிருந்த சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மறுப்பவர் எதற்காகக் குறிப்பெடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றாமல் போனது வியப்புத்தான்.

நான் கேட்டது லாப்ரடார் குட்டி. அது உடனே நிராகரிக்கப்பட்டது. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி, மின்தூக்கி கிடையாது, அம்மாவுக்கு முழங்கால் வலி, நான் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் மாலைதான் திரும்புவேன். குட்டிக்கு நாளுக்கு மூன்று நான்கு வேளை உணவு தரவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது சிறுநீர் கழிக்கும். ஆறாம் வாரத்திலிருந்து நான்காம் மாதம் வரை தவணை தவணையாகத் தடுப்பூசிகள் போடவேண்டும். இவை அனைத்தும் யார் தலையில் விழும் என்று அந்தப் பெண்மணி கேட்டபோது அம்மா என்னைப் பார்க்காமல் சிரித்தார். அதன் பிறகு எங்களுக்குக் காட்டப்பட்டது இரண்டு வயது நாட்டுப் பெண்நாய்: பதினான்கு கிலோ, செவலை நிறம், கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு. வளர்ந்த நாய் என்பதால் ஆறேழு மணி நேரம் அடக்கிக்கொள்ளும்; சென்னை வெயிலும் அதற்குப் பழக்கப்பட்டதே. காப்பகத்தில் அதற்குப் ‘பிரவுனி’ என்று பெயர். அம்மா முதல் நாளிலிருந்தே ‘செவலை’ என்றுதான் அழைத்தார். ஊரில் அந்த நிற மாட்டுக்கு வைக்கும் பெயர் அது.

நாயை உடனே தத்துக் கொடுப்பதில்லை. ஃபாஸ்டர் என்று அவர்கள் சொல்லும் தற்காலிக வளர்ப்பில் நான்கு வாரம் அனுப்புகிறார்கள். அந்நாள்களில் நாயின் வேலை எதையும் மறுப்பவர் செய்யக் கூடாது என்பது விதி. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் படியிறங்கி அழைத்துச் செல்வது, சோறும் கோழியும் பூசணியும் சேர்த்து உப்பும் வெங்காயமும் இல்லாமல் சமைப்பது, முடி உதிர்ந்த தரையைத் துடைப்பது எல்லாம் விண்ணப்பதாரரின் பொறுப்பு. ஒவ்வொரு நாள் மாலையும் தன்னார்வலரிடமிருந்து தொலைபேசி வரும். அது எனக்கன்று, அம்மாவுக்கு. இன்று என்னென்ன நடந்தன, எது நடக்கவில்லை என்று அவர் கேட்க, அம்மா குறிப்பேட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். பள்ளிக்கூடத்தில் அரிசி மூட்டைகளைத் தணிக்கை செய்தவருக்கு ஓய்வுக்குப் பின் மீண்டும் ஒரு தணிக்கை வேலை கிடைத்தது. முதல் வாரத்து அறிக்கை எனக்குச் சாதகமாக இல்லை. இரண்டு முறை தாமதம், ஒரு முறை தண்ணீர்க் கிண்ணம் காலி, பூசையறை வாசலில் நாய் படுத்ததைக் கவனிக்கவில்லை என ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது மணி ஏழே கால். செவலை தன் இடத்தில் அமைதியாகப் படுத்திருந்தது. அதன் கால்களில் ஈரமண் ஒட்டியிருந்தது. அம்மா மாடிப்படியில் ஏறி இறங்கிய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கத் துணியாமல் வேலைக்குப் போனேன். அன்று மாலை தொலைபேசி வந்தபோது நான் அருகிலேயே இருந்தேன். “ஆறு மணிக்கே கூட்டிட்டுப் போயிட்டா, குறை ஒண்ணும் இல்லை” என்று அம்மா சொன்னார். மதிய உணவில் ஒரு முட்டை குறைந்தாலும் மேலதிகாரியிடம் மறைக்காதவர், ஒரு நாய்க்காகப் பொய்க்கணக்கு எழுதினார். மறுப்பவரைப் பேசி மாற்ற முயலாமல், அவர் கையில் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் இந்தச் சேவை செய்யும் வேலை. பதினோரு ஆண்டுகள் நான் வாதாடியது எவ்வளவு வீண் என்று எனக்குப் புரிந்தது.

குறைகளும் உண்டு. முதலாவது, தத்து ஒப்பந்தம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் மறுப்பவர்தான் முக்கியம் என்று கருதும் ஓர் இடம், அந்த மறுப்பவர் படிக்கக்கூடிய மொழியில் ஒப்பந்தம் தராதது எனக்குப் பெரிய முரணாகவே படுகிறது. பதினான்கு விதிகளையும் நான் வாய்மொழியாகச் சொன்ன பிறகும், ‘நீ சொல்வதை எப்படி நம்புவது?’ என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மா தன்னார்வலரிடமே ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். இரண்டாவது, வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்பதை மூன்றாம் வாரத்தில்தான் சொன்னார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு இரவுத் தூக்கம் கெட்டிருக்காது. மூன்றாவது, நாய் வந்தபோது காதுமடலின் உட்புறத்தில் உண்ணிகள் இருந்தன. கூட்டமாக நாய்கள் வாழும் இடத்தில் இதை முழுமையாகத் தவிர்க்க இயலாது என்றாலும், உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அனுப்பும் முன் பார்த்திருக்கவேண்டும். 1903இல் தொடங்கப்பட்டு இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்தோம். நல்லவேளையாகக் காய்ச்சல் இல்லை. அங்கே கூட்டம் அதிகம். காலையிலேயே சென்று வரிசையில் நிற்பது நல்லது. மற்றபடி, காப்பகத்தின் தொலைபேசியைப் பகலில் யாரும் எடுப்பதில்லை; மாலையில் எடுக்கிறார்கள்.

தத்தெடுக்கக் கட்டணம் கிடையாது. தடுப்பூசிச் செலவுக்காக 1,500 ரூபாய் நன்கொடை கொடுத்தேன். உணவுக்கு மாதம் ஏறக்குறைய 2,400 ரூபாய் ஆகிறது. உண்ணி மாத்திரை தனி. மாநகராட்சி உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று தேவைப்படும் என்பதால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். எங்களுக்குக் கேட்காமலேயே கொடுத்தார்கள். பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு குட்டியைக் கொண்டுபோய்விட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஏற்றதன்று. அவர்களுக்கு இங்கே எலும்புத்துண்டுகூடக் கிடைக்காது.

நான்காம் வாரத்தின் இறுதியில் கையெழுத்துப் போட மீண்டும் சென்றோம். என் பழைய விண்ணப்பத்தைத் தன்னார்வலர் ஒப்பந்தத்துடன் இணைத்து வைத்திருந்தார். ஏதேனும் திருத்தம் உண்டா என்று அவர் கேட்டபோது, அம்மா என் பேனாவை வாங்கி, எனக்குத் திருமணமானால் நாய் யாருடன் இருக்கும் என்ற கேள்விக்கு நான் எழுதியிருந்த விடையை அடித்துவிட்டு, அந்த ஆங்கிலப் படிவத்தின் ஓரத்தில் தமிழில் ‘இங்கேயே இருக்கும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.