கோவில்பட்டி ரவுட்டரைச் சென்னையிலிருந்து மேய்த்த நாலு வருஷம்

ராத்திரி பத்தரை ஆனால் எங்கள் ஊர் வீட்டு வைஃபை செத்துவிடும். காலை ஐந்தரைக்குத் தானாக உயிர் வரும். முதல் ஒரு மாதம் அதை ரவுட்டரின் கோளாறு என்றுதான் நினைத்தேன். சென்னையில் உட்கார்ந்து ரவுட்டர் கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் ‘ஆஃப்லைன்’ என்று சாம்பல் நிறத்தில் காட்டும். ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைச் சந்தேகப்பட்டேன், அடாப்டரைச் சந்தேகப்பட்டேன், பெட்டியை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை பிடிக்கவும் தயாராகிவிட்டேன். அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“அப்பா படுக்கப் போகையில டிவி, மோட்டார், அந்தப் பெட்டி எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தான் படுப்பாகய்யா.”

ரவுட்டரைத் தூரத்திலிருந்து நிர்வகிப்பது எப்படி என்று எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைக்கும் அப்பாவைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை.

பெட்டி வாங்கியது 2021 ஜூலையில். ஏசி1200 (வைஃபை 5) ரகம், நாலு ஆண்டெனா, எல்லா போர்ட்டும் கிகாபிட், விலை இரண்டாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வரும் பெட்டிகளின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கிய முதல் வாரம் எழுதியிருந்தால் வேகம், சிக்னல் என்று புகழ்ந்து தள்ளியிருப்பேன். நாலு வருஷம் கழித்து எழுதுவதால் வேறு மாதிரி வருகிறது.

அப்பாவிடம் “அணைக்காதீங்க” என்று சொன்னால் வேலைக்கு ஆகாது. மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், அவருக்குக் கணக்கு வேண்டும். அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. முழுசாக இழுத்தாலும் 12 வாட். உண்மையில் எங்கள் பெட்டி 6 வாட் பக்கம்தான் இழுக்கிறது. நாள் முழுக்க எரிந்தாலும் இரண்டு மாத பில்லில் 9 யூனிட்டுக்குள். ராத்திரி ஏழு மணி நேரம் அணைத்து அவர் மிச்சம் பிடிப்பது இரண்டரை யூனிட். இதைச் சொன்னதும் அவர் திருப்பிச் சொன்னார்: “போன தடவ ரீடிங் 487. ஐநூறத் தாண்டிட்டா ரேட்டே வேற, தெரியும்ல?” அதுவும் நியாயம்தான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. கொல்லைப்புறத்தில் எரிந்துகொண்டிருந்த சோக் வைத்த பழைய டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்.இ.டி. மாட்டிக் கொடுத்தேன். கணக்கு நேராகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். அதன்பிறகு அவர் கையால் பெட்டி அணைந்ததில்லை.

ரவுட்டரை அமைப்பது அரை மணி நேர வேலை. எங்களுக்கு வந்த ஒரே சிக்கல், லோக்கல் கேபிள்காரர் ஃபைபரோடு வைத்துவிட்டுப் போன ஓ.என்.டி. பெட்டியின் (ஃபைபரில் வரும் ஒளியை இணைய இணைப்பாக மாற்றுவது) முகவரியும் 192.168.1.1, என் ரவுட்டரின் முகவரியும் அதே 192.168.1.1. இரண்டும் ஒரே முகவரியில் நின்றால் எது யார் என்று தெரியாமல் குழம்பும். என்னுடையதை 192.168.50.1 என்று மாற்றினேன், தீர்ந்தது. ஓ.என்.டி.யை, லைனை மட்டும் கடத்திவிட்டு மற்றதையெல்லாம் என் ரவுட்டரிடம் விடும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லிக் கேட்டதற்கு, வந்த தம்பி “அதெல்லாம் ஆபீஸ்ல கேக்கணும்ணே” என்று நழுவிவிட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பெட்டியும் அடுத்தடுத்து முகவரியை மாற்றி அனுப்பும் இந்த இரட்டை நாட், யூடியூபுக்கும் வீடியோ காலுக்கும் எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. அப்படி விட்டது பின்னால் எனக்கே உதவியது, அதற்கு வருகிறேன்.

வீட்டின் முன்கட்டு தாத்தா காலத்தது. சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி தடிமன். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அந்தச் சுவரைத் தாண்டி அப்பாவின் அறைக்குப் போகும்போது மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு, பார்வையாக இருக்கட்டும் என்று அம்மா ரவுட்டரை இரும்பு பீரோவின் மேல் வைத்து, தூசி படாமல் இருக்கப் பூ வேலை செய்த துணியால் மூடியும் வைத்திருந்தார். தொட்டால் சுட்டது. ரிப்பீட்டர் வாங்கச் சொன்னவர்கள் உண்டு. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். அதற்குப் பதில் தீபாவளி லீவில் 20 மீட்டர் கேட்6 ஒயரை உத்திரத்தை ஒட்டி இழுத்து, மறுமுனையில் பரணில் கிடந்த பழைய ரவுட்டரை மாட்டினேன். அதில் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை அணைத்து, முகவரியை 192.168.50.2 ஆக்கி, ஒயரை வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டில் செருகாமல் வீட்டுச் சாதனங்களுக்கான லேன் போர்ட்டில் செருக வேண்டும், அவ்வளவுதான். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். 2.4 கிகாஹெர்ட்ஸை ஒன்றில் சேனல் 1, மற்றதில் 11. இந்த நாலு வருஷத்தில் செலவழித்த காசுக்கு உருப்படியான பலன் கொடுத்தது அந்த ஒயர்தான்.

இனி தூரத்து வேலை. ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் சென்னையிலிருந்து நேராக உள்ளே போய்விடலாம் என்று நினைத்து மாறும் ஐ.பி. எண்ணுக்கு நிலையாக ஒரு பெயர் தரும் டி.டி.என்.எஸ்.-இல் பெயரெல்லாம் வாங்கி வைத்தேன். இரண்டு நாள் தலைகீழாக நின்றும் திறக்கவில்லை. ஓ.என்.டி.யின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை வைத்து அதன் நிலவரப் பக்கத்தைப் பார்த்தபோது வேன் ஐ.பி. 100 என்று ஆரம்பித்தது. கூகுளில் ‘என் ஐ.பி. என்ன’ என்று தேடினால் வேறு எண் வந்தது. இதுதான் சி.ஜி.நாட். 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். ஐ.பி.வி4 எண்களுக்குத் தட்டுப்பாடு வந்ததால் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். காம்பவுண்டு வீடு மாதிரி. வாசலுக்கு ஒரே கதவு எண், உள்ளே பத்துக் குடித்தனம். உள்ளே இருப்பவர்கள் எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம். வெளியிலிருந்து வருகிறவர் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் குடித்தனத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அது திறக்காமல் போனதும் நல்லதற்குத்தான். நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து போடுவது வீட்டுச் சாவியைத் தெரு விளக்குக் கம்பத்தில் தொங்கவிடுவது போல. 2016-இல் மிராய் என்ற நிரல், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, மற்ற இணையதளங்களைத் தாக்கும் அடியாள் வேலை பார்க்க வைத்தது. முதல் நாளே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பாஸ்வேர்ட் இல்லாமல் பொத்தானோ பின் எண்ணோ வைத்து இணைக்கும் டபிள்யூ.பி.எஸ்.-ஐ அணையுங்கள். இதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கம்பெனி ஆப் மட்டும் சி.ஜி.நாட்டைத் தாண்டி வேலை செய்கிறதே என்றால், அங்கே ரவுட்டரே உள்ளேயிருந்து கம்பெனி சர்வரைக் கூப்பிட்டு லைனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நம் போன் அந்த லைனில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஆப்பில் ரீஸ்டார்ட் செய்யலாம், பாஸ்வேர்ட் மாற்றலாம், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். கேமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆருக்கு நிலையான ஐ.பி. ஒதுக்குவது, சேனல் அகலத்தைக் குறைப்பது போன்றவற்றுக்கு ஆப்பில் இடமே இல்லை. அதற்காக கையளவுக் கணினியான ஒரு பழைய ராஸ்பெர்ரி பை 3-ஐ ரவுட்டரோடு இணைத்து, தூரத்துச் சாதனங்களை ஒரே நெட்வொர்க்காகச் சேர்க்கும் டெயில்ஸ்கேல் போட்டேன். அதுவும் உள்ளேயிருந்து வெளியே கூப்பிடும் வித்தைதான். வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் வழிவிடும் சப்நெட் ரவுட்டராக அதை அமைத்த பிறகு, சென்னையில் லேப்டாப்பில் 192.168.50.1 என்று அடித்தால் கோவில்பட்டிப் பெட்டி திறக்கிறது. முதல் தடவை திறந்தபோது பக்கத்தில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுக்கா இவ்ளோ?” என்று போய்விட்டாள்.

அந்தக் கொழுப்பில்தான் 2022 ஜனவரியில் மாட்டினேன். வேன் ஐ.பி.யை நிலையானதாக மாற்றினால் நல்லது என்று ஏதோ ஒரு யோசனை. வெளியே போகும் வழியைக் குறிக்கும் கேட்வே முகவரியில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்து ‘சேவ்’ கொடுத்தேன். அவ்வளவுதான். ஆப் போச்சு, பை போச்சு, கேமரா போச்சு. நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டியவன் கதை. ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி அப்பா சீரியல் ஓடாத டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண், இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், வந்து காப்பாற்றினாள். போனில் நான் சொல்லச் சொல்ல, அவள் லேப்டாப்பை வைஃபையில் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் படித்துக் காட்டி, தப்பைத் திருத்தினாள். முக்கால் மணி நேரம். கடைசியில் “அண்ணே, இத அப்படியே விட்டிருந்தா என்னண்ணே?” என்று கேட்டாள். பதில் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன். ஓ.என்.டி.யின் வைஃபையை அணைக்காமல் வேறு பெயரில் விட்டுவைத்தேன். ராஸ்பெர்ரி பையின் ஒயர் என் ரவுட்டரில், வைஃபை ஓ.என்.டி.யில். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. ரவுட்டரை நானே குழப்பிவைத்தாலும் பை வேறு வழியாக வெளியே வந்து நிற்கும், அதன் வழியாக உள்ளே போய்ச் சரிசெய்யலாம். பிரிட்ஜ் மோடு கிடைத்திருந்தால் இந்த வழி இருந்திருக்காது. இன்னொன்று, வேன் பக்கம் கை வைப்பது தீபாவளி, பொங்கல் லீவில் ஊரில் இருக்கும்போது மட்டும்.

கரண்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கி ரவுட்டரையும் ஓ.என்.டி.யையும் அதில் மாட்டினேன். வாங்கும் முன் இரண்டு அடாப்டரிலும் வோல்ட் எவ்வளவு என்று படித்துக்கொள்ளுங்கள், 9 வோல்ட் பெட்டிகளும் உண்டு. புதிதில் மூன்று மணி நேரம் தாங்கியது. இரண்டாம் வருஷத்தில் ஒன்றரை மணியாகிவிட்டது. அந்த பேட்டரியின் ஆயுசு அவ்வளவுதான். சித்திரை மாசத்து இடி ஒன்று மொட்டைமாடி கேமரா ஒயர் வழியாக இறங்கி மூன்றாம் லேன் போர்ட்டைக் கொன்றது. ஃபைபரில் மின்சாரம் வராது. வெளியே நீண்டுகிடக்கும் செம்பு ஒயரில் வரும். இப்போது வானம் கறுத்தால் அந்த ஒயரைப் பிடுங்கிவைப்பது அம்மாவின் பொறுப்பு.

நெட் போனால் முன்பெல்லாம் போனில் இப்படித்தான் நடக்கும்: “எந்தப் பெட்டிப்பா?” “வெள்ளப் பெட்டி.” “ரெண்டும் வெள்ளதாம்ப்பா.” இப்போது ஓ.என்.டி.க்கு 1, ரவுட்டருக்கு 2 என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். “ஒண்ணாம் நம்பர்ல சிவப்பு மினுக்குது” என்றால் ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது. லாரி இழுத்திருக்கும், இல்லையென்றால் அணில் கடித்திருக்கும். கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதுதான், நான் தலையிட ஒன்றுமில்லை. இத்தனை சாதனங்களுக்கு நடுவே அதிகமாகப் பயன்பட்டது பத்து ரூபாய் ஸ்டிக்கர்.

ஒருநாள் பட்டியலில் 23 சாதனங்கள் இருந்தன. வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். நாள்காட்டி அட்டையின் பின்னால் பாஸ்வேர்டை எழுதி வைத்து, கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா காட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றாக பிளாக் செய்தேன். மறுநாள் வேறு பெயரில் வந்து நின்றன. ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் தங்கள் மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) மாற்றிக் காட்ட முடிவதால், வேறு எண்ணோடு சேர்ந்தால் பிளாக் பட்டியல் ஏமாந்துவிடுகிறது. வீட்டுச் சாதனங்களிலிருந்து பிரித்து வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து, நாள்காட்டியில் அந்தப் பாஸ்வேர்டை எழுதச் சொன்னேன். கேமராவும் டிவிஆரும் தனியாகப் போய்விட்டன. தெருப் பிள்ளைகளுக்கும் குறையில்லை, அப்பாவின் தர்மத்துக்கும் குறையில்லை.

அதே பட்டியலில் இன்னொன்றும் தெரிந்தது. காலை 5:50-க்கு அப்பாவின் போன் விலகும், 6:45-க்கு மறுபடி சேரும். நடைக்குப் போய்வரும் நேரம். ஒருநாள் விலகவே இல்லை. ஏழு மணிக்குப் போன் போட்டு “வாக்கிங் போகலையா?” என்றேன். “தூறுதுன்னு போகல. ஒனக்கெப்படித் தெரியும்?” சும்மா கேட்டேன் என்று மழுப்பினேன். அன்றே அந்த நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டேன். பட்டியலைத் திறந்து பார்ப்பதை மட்டும் இன்னும் முழுசாக விட முடியவில்லை.

பெட்டி இன்னும் ஓடுகிறது. 2023-க்குப் பிறகு அதற்கு ஃபர்ம்வேர் வரவில்லை. வன்பொருள் சாகாமல் பாதுகாப்புதான் முதலில் சாகிறது. அதனால் வைஃபை 6 ரகத்தில் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். பத்து நாளாக எங்கள் சென்னை வீட்டு மேஜையில் ஓடுகிறது. எல்லா செட்டிங்கையும் இங்கேயே முடித்து, பழைய பெயர், பழைய பாஸ்வேர்டோடு பொங்கலுக்கு எடுத்துப் போய் மாட்டினால் டிவியோ கேமராவோ மாற்றத்தையே உணராது. நேற்று அப்பாவிடம் சொன்னேன். வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று எதுவும் கேட்கவில்லை.

“அது எத்தன வாட்டு?” என்றார்.