மாங்காய் சீசனுக்கு வர மாட்டேன் என்று முதல் நாளே சொன்ன ஆயா: இரண்டரை வருஷ அனுபவம்

போன வாரம் எங்கள் கிளைக்கு மாற்றலாகி வந்த பெண், வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது, "அக்கா, பிள்ளையப் பாத்துக்க உங்களுக்கு மட்டும் எப்படி ஆள் கிடைச்சுது?" என்று கேட்டாள். டிபன் பாக்ஸ் மூடுவதற்குள் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு வங்கியில் கவுண்ட்டரில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். அம்மா தர்மபுரியில், அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரை விட்டு நகர முடியாது. மாமியார் சேலத்தில் மூத்த மகனின் பிள்ளைகளோடு. பையன் 2022 ஆகஸ்டில் பிறந்தான், 26 வார விடுப்பு 2023 பிப்ரவரியோடு தீர்ந்தது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், சரி, எங்கள் கிளையில் மொத்தமே ஒன்பது பேர். அவர் கம்பெனியில் ஆயிரம் பேர், ஆனால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, அதுவும் பால் குடிக்கிற பிள்ளையைக் கம்பெனி பஸ்ஸில் யார் கொண்டு போவது.

முதலில் ஏஜென்சிக்குத்தான் போனோம். பெயர் வேண்டாம். ஒரு மாதச் சம்பளத்தைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு, "ஆள் சரியில்லன்னா மூணு தடவை மாத்திக் கொடுப்போம் மேடம், போலீஸ் வெரிஃபிகேஷன் எல்லாம் முடிச்ச ஆளுங்க" என்றார்கள். வெரிஃபிகேஷன் என்று கடைசியில் கையில் கொடுத்தது ஓர் ஆதார் ஜெராக்ஸ். வீட்டு வேலைக்கு வருபவரைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே நாம் விண்ணப்பிக்கலாம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

வந்த அம்மா அமைதியானவர், சுத்தமானவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. பையன் பகலில் நன்றாகத் தூங்குகிறான் என்று நானே பெருமையாக அம்மாவிடம் போனில் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உளுந்து டப்பாவை எடுக்கப் போனால் பின்னாலிருந்து ஒரு சளி மருந்து பாட்டில் உருண்டு வந்தது, முக்கால்வாசி காலி. பையனுக்குச் சளியே பிடிக்கவில்லை. கேட்டதும் அவர் அழுதுவிட்டார், முன்னால் வேலை பார்த்த வீட்டில் அந்த அம்மாவே கொடுக்கச் சொன்னதாம், தூங்கட்டும் என்று. டாக்டரிடம் பாட்டிலோடு ஓடினேன், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. அதே வருஷம் டிசம்பரில் செய்தி வந்தது: குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சடிக்கச் சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு. நான் அந்த பாட்டிலில் படித்த அதே இரண்டு பெயர்கள். பாட்டில் உருண்டு வந்த அன்று பையனுக்கு ஏழு மாதம்.

ஏஜென்சி மாற்றி அனுப்பிய இரண்டாவது ஆள் ஒன்பது நாள் இருந்தார். மூன்றாவதாக ஒரு போட்டோ அனுப்பினார்கள், மலைக் கிராமத்துப் பெண், "சின்னப் பொண்ணு மேடம், சொன்னபடி கேக்கும், சம்பளமும் கம்மி." பதிமூன்று வயசுகூட இருக்காது. 14 வயசுக்குக் கீழே வீட்டு வேலைக்கு வைப்பது 2006-லிருந்தே தடை, இதைச் சொன்னதற்கு "எல்லாரும் வெக்கறாங்களே" என்று பதில். அதோடு கமிஷன் போனால் போகட்டும் என்று நம்பரையே பிளாக் செய்தேன்.

அப்புறம் மூன்று மாதம் நானும் பையனும் தர்மபுரியில். தினமும் அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ், மத்தியானம் ரெக்கார்டு ரூமில் பழைய லெட்ஜர்களுக்கு நடுவே உட்கார்ந்து பால் எடுப்பேன். வெளியே வைத்தால் நாலு மணி நேரம்தான் தாங்கும் என்பதால் சாயங்காலம் வரை ஐஸ் டப்பாவில் வைத்திருந்து எடுத்துப் போவேன். பக்கத்து சீட்டுக்காரர் அது என்ன டப்பா என்று ஒருநாள் கேட்டார். மோர் என்றேன்.

ஆள் கிடைத்தது மாவு மில்லில். ராகி அரைக்கப் போன இடத்தில் மில்லுக்கார அக்காவிடம் புலம்பினேன், "காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒருத்தி இருக்கா, மாங்கா சீசன் முடிஞ்சு சும்மாதான் இருக்கா, கேட்டுப் பாக்கறேன்" என்றார். இரண்டு நாளில் அந்தக் காவேரிப்பட்டணத்து அக்கா வந்து நின்றார், நாற்பத்தெட்டு வயசு, இடுப்பில் சுருக்குப் பை. நான் சம்பளம், நேரம் என்று ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "கண்ணு, ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன். மே, ஜூன் ரெண்டு மாசம் நான் மாங்கூழ் பேக்டரிக்குப் போவேன். அதுக்கு ஒத்துக்கிட்டா மத்தது பேசலாம்."

இப்படி ஒருத்தி சொன்னால் யார் வேலைக்கு வைப்பார்கள்? நான் வைத்தேன், ஏனென்றால் அது ஜூலை, அடுத்த மே ரொம்ப தூரத்தில் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், வேலைக்கு வந்த மூன்று பேரில் தன்னை எது இழுத்துக்கொண்டு போகும் என்று முன்னாலேயே சொன்னது இவர் ஒருத்தர்தான். இப்போது யாராவது ஆள் தேடினால் நான் முதலில் கேட்கச் சொல்வது, சமைக்கத் தெரியுமா, பிள்ளை வளர்த்திருக்கிறாயா என்பதெல்லாம் இல்லை, வருஷத்தில் எந்தெந்த நாள் உன்னால் வர முடியாது என்பதைத்தான். நம்ம மாவட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு வருஷம் முழுக்க ஏதோ ஒரு வேலை இருக்கிறது, தை மாசியில் புளி, வெயில் காலத்தில் மாங்காய், நடுவில் நூறு நாள் வேலை, இதற்கு மேல் வீட்டு வாசலுக்கே வரும் கம்பெனி வண்டி. நம் வீட்டு வேலை இத்தனையோடும் போட்டி போடுகிறது, இது தெரியாமல் "இப்பல்லாம் ஆளே கிடைக்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

சம்பளம் 8,000 என்று ஆரம்பித்தோம், இப்போது 10,500. காலை எட்டேமுக்கால் முதல் சாயங்காலம் ஆறு வரை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அவர் ஊரிலிருந்து வந்துபோக செலவு கிடையாது, 2021-க்கு முன்னால் என்றால் இந்தச் சம்பளத்துக்கு வந்திருக்க மாட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். எட்டு பத்து வண்டியை விட்டால் அடுத்தது எட்டு நாற்பது. அன்றைக்கு எனக்கு மேனேஜர் முகம்.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்றால் முதல் பதினைந்து நாள் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தது. சொல்லிக்கொடுப்பதற்கு இல்லை, சும்மா இருந்தேன், துணி மடித்தேன். முளைகட்டிய ராகியில் கஞ்சி காய்ச்சி, ஸ்பூனைப் புறங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டு, பையன் வாயைத் திறக்கும் வரை காத்திருந்தார். திணிக்கவில்லை. அவன் துப்பினால் "வேணாமா, சரி, காக்காய்க்குக் குடுக்கலாம்" என்று கிண்ணத்தை நகர்த்துவார், இவன் உடனே வாயைத் திறப்பான். நான் அதே கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் போராடியவள்.

கேமராவும் வாங்கினோம். மறைத்து வைக்கவில்லை, அவரிடம் காட்டித்தான் மாட்டினோம். "என் பொண்ணுக்கும் தெரியுமா இதுல?" என்று கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்தார், அவ்வளவுதான். தொந்தரவு எனக்குத்தான். கவுண்ட்டரில் கூட்டம் இருக்கும்போதே போனை எட்டிப் பார்ப்பேன், ஒருநாள் சாயங்காலம் கேஷ் 500 ரூபாய் குறைந்தது, கைக்காசு போட்டுக் கட்டினேன். அந்த மாதத்தோடு கேமராவைக் கழற்றிவிட்டேன். வைத்திருப்பவர்களைத் தப்பு சொல்லவில்லை, எனக்குத் தோதுப்படவில்லை.

ஒத்துவராத விஷயங்களும் இருந்தன. டயப்பர் என்றால் அவருக்கு ஆகாது, நான் கிளம்பியதும் கழற்றிவிட்டு மணிக்கு ஒரு தடவை வாசல் ஓரம் உட்கார வைப்பார், வீடு முழுக்க ஈரத் துணி. சண்டை போட்டேன். ஒன்றே முக்கால் வயசில் அவனே சொல்ல ஆரம்பித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். மத்தியானம் சீரியல் ஓடும், அதை இன்றுவரை என்னால் நிறுத்த முடியவில்லை.

அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பழையபேட்டையில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது வீட்டுக்காரரிடமிருந்து போன்: "நீளு நீளுன்னு அழறான், என்னன்னே புரியல, நீளமா எதைக் கேக்கறான்?" தண்ணீர் கேட்டிருக்கிறான். சேலத்துக்காரருக்கு எப்படித் தெரியும். ஆயாவை அவன் கூப்பிடுவது அவ்வா. என் அம்மாவுக்கு இதில் ரொம்ப நாள் வருத்தம், அவ்வா என்றாலும் பாட்டிதானே, அப்போ நான் யார் என்று.

பெரிய சண்டை 2024 தையில். ஊரில் எருது விடும் விழா, அவர் தம்பி காளை வளர்க்கிறார், இரண்டு நாள் லீவு கேட்டுப் போனவர் நாலு நாள் கழித்து வந்தார். மாதக் கடைசியில் அதிகப்படியான இரண்டு நாளுக்குக் கணக்குப் போட்டு 530 ரூபாய் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். எண்ணினார், சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நாலாம் நாள் பையனையும் தூக்கிக்கொண்டு பைக்கில் அவர் ஊருக்கே போனோம். திண்ணையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார், கொட்டை ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். பையன் இறங்கி ஓடி மடியில் ஏறி ஒரு சுளையை எடுத்து வாயில் வைத்து முகத்தைச் சுளித்தான், எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "காசு போனதுக்கு இல்ல கண்ணு. உங்க பேங்க்ல லீவு போட்டா சம்பளம் பிடிக்கறாங்களா?" என்றார். இல்லை. "அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

வண்டியில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமலே இருந்ததுதான் உறுத்தியது. அன்றிலிருந்து மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு, எடுக்காவிட்டால் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், எருது விடுவதற்கும் ஊர்ப் பண்டிகைக்கும் தனி. அந்த 530-ஐயும் கொடுத்தேன். வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து தனி நல வாரியம் இருக்கிறது, 18-லிருந்து 60 வயசு வரை பதிவு செய்யலாம், படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை, அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அவருக்குப் பதிவு செய்து கொடுத்தேன். மகள் காலேஜ் பீஸுக்கு 15,000 முன்பணம் கேட்டார், மாதம் 1,500 கழித்துப் பத்து மாதத்தில் அடைந்தது.

முதல் மாங்காய் சீசன் வந்தபோது நான் தயாராகவே இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டித் தருகிறேன் என்று கெஞ்சினேன். பணம் இல்லையாம், அவர்கள் ஒரு செட்டாகப் போகிறார்கள், ஒரு வருஷம் போகாவிட்டால் மேஸ்திரி அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார், உன் பையன் பள்ளிக்கூடம் போன பிறகு எனக்கு அந்த இடம் வேண்டுமில்லையா என்றார். அந்த இரண்டு மாதமும் மறுபடி தர்மபுரி பஸ். அடுத்த வருஷம் பொங்கலிலிருந்தே அவருடைய ஓரகத்தியை வாரம் ஒருநாள் கூட்டி வரச் சொன்னேன், அந்த நாளுக்குக் கூலியும் கொடுத்தேன், மே வரும்போது பையனுக்கு அவர் பழகிய முகம். 2025 சீசன் சத்தமில்லாமல் போனது. சாயங்காலம் பேக்டரியிலிருந்து வரும்போது ஆயா ஒரு நடை எட்டிப் பார்ப்பார், கையெல்லாம் மாம்பழ வாசனை, பையன் அந்தக் கையை விடமாட்டான்.

இந்த ஜூனில் அவனுக்கு எல்கேஜி. அரை நாள்தான், பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்கள். மத்தியானத்துக்கு மட்டும் வருவாரா, வந்தால் என்ன சம்பளம், முழுச் சம்பளத்தைப் பாதியாக்கினால் எட்டு பத்து பஸ்ஸுக்குப் பதில் பதினோரு மணி பஸ் ஏறி வருவாரா என்று தெரியவில்லை. புளி வேலை முடிந்து இந்த வெள்ளிக்கிழமை வருகிறார், அன்றைக்குப் பேச வேண்டும். என்ன ஆனது என்று கேட்கிறவர்களுக்கு அப்புறம் சொல்கிறேன்.